கீறல் விழுந்த அலாய் வீல்களை ஆன்லைனில் விற்ற அனுபவம்

விற்றது 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ பிளஸ் வண்டியோடு வந்த 15 இன்ச் அலாய் வீல்கள், நான்கு. மூன்றில் பிளாட்பாரம் உரசிய தடம். ஒன்றில் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) உரிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருந்தது. சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் காட்டினால் "எல்லாம் அடிபட்ட வீல் சார்" என்று எடைக்குப் பக்கமாக ஒரு விலை சொல்வார்கள். வாங்கி வைத்து விற்பவர்கள் அப்படித்தான் கேட்க முடியும். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் நேரடியாகத் தன் காருக்கே மாட்டப் போகிறவர் கிடைப்பார். அவருக்குக் கீறல் பெரிய விஷயமில்லை. வளைவும் விரிசலும் இல்லை என்று தெரிந்தால் போதும். அதை எப்படி உறுதி செய்து, எப்படிக் காட்டுவது என்பதில்தான் விலை நிற்கிறது.

முதல் வேலை கழுவுவது. பிரேக் தூசி படிந்த வீலில் விரிசலும் தெரியாது, கீறலின் உண்மையான அளவும் தெரியாது. சாதாரண கார் ஷாம்பு, பழைய டூத் பிரஷ், தார் ஒட்டியிருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும். பிரேக் தூசிக்கு அயர்ன் ரிமூவர் ஸ்பிரே கிடைக்கிறது. அடித்ததும் ஊதா நிறமாக வழியும், ஐந்து நிமிடத்துக்குள், காயும் முன்பே கழுவிவிட வேண்டும். சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் டைல்ஸ் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடிப்பார்கள். வீல் அப்போதைக்குப் பளிச்சென்று ஆகும், சில நாளில் கிளியர் கோட் மங்கி, அலுமினியம் பூத்துவிடும். இரும்பு நாரும் வேண்டாம். உள்பக்கத்தையும் அதே கவனத்தோடு கழுவுங்கள், ஏனென்றால் சேதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குழியில் இறங்கும்போது அடி வாங்குவது வீலின் உள்விளிம்பு. வெளிவிளிம்புக்கு ஸ்போக்குகள் (நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஆரங்கள்) தாங்கல் கொடுக்கின்றன. உள்விளிம்புக்கு அது கிடையாது. அதனால் முன்னால் இருந்து பார்க்க அழகாக இருக்கும் வீல் பின்னால் வளைந்திருக்கும். டயர் கடையில் வீலைச் சுழற்றிப் பார்க்கும் பேலன்சிங் மெஷினில் ஏற்றி மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டால், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். மேலும் கீழும் ஏறி இறங்கினால் ஒரு வகை வளைவு, பக்கவாட்டில் ஆடினால் இன்னொரு வகை. இரண்டையும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடுகிற வீலை "கீறல் மட்டும்" என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

விரிசலுக்கு: டயரில் காற்று இருக்கும்போதே உள்விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மெல்லிய குமிழி வந்தால் ஒன்று டயர் சரியாக உட்காரவில்லை, அல்லது உலோகத்தில் விரிசல். டயரைக் கழற்றிய பிறகு ஸ்போக் வந்து சேரும் வளைவுகளையும் நட் துளைகளைச் சுற்றியும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் நின்றால் டை பெனட்ரண்ட் செட் இருக்கிறது: சிவப்பு ஸ்பிரே அடித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, மேலே வெள்ளை ஸ்பிரே. விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். வெல்டிங், ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஸ்போக்கிலோ நட் துளைப் பக்கமோ வெல்டிங் வைத்த வீலாக இருந்தால் என் முடிவு ஒன்றுதான்: அது எடைக்குப் போகட்டும். குறைந்த விலைக்குக்கூட ரோட்டுக்கு விற்க வேண்டாம். நான்கில் ஒன்று அப்படிப் போனாலும் பரவாயில்லை, மீதி மூன்றைத் தனித்தனியாகப் போடலாம். ஒரு வீல் மட்டும் உடைந்தவர்கள் அதே டிசைனைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் நான்கும் நன்றாக இருந்தால் செட்டைப் பிரிக்காதீர்கள். ஒன்றை விற்றபின் மிஞ்சும் மூன்றைச் செட்டாக யாரும் எடுக்க மாட்டார்கள்.

விற்கும் முன் பெயின்ட் அடிக்கலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கூடாது என்பேன். இது மெஷின் கட் வீல்: கறுப்பு பெயின்ட் அடித்து, ஸ்போக்கின் முகத்தை லேத்தில் மெல்லியதாகச் சீவி, மேலே கிளியர் கோட் பூசுகிறார்கள். அந்தக் கோட்டில் ஓரிடம் உடைந்தால் ஈரம் உள்ளே புகுந்து, அலுமினியம் பூத்து, புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடு ஓடும். கடற்கரைப் பக்க ஊர்களில் உப்புக் காற்றில் இது சீக்கிரம் நடக்கிறது. சரிசெய்ய மறுபடி லேத்தில் சீவ வேண்டும், சீவச் சீவ உலோகம் குறையும். அதனால் பல கடைகளில் மொத்தமாக ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) அடித்துவிடுகிறார்கள். அந்தச் செலவு விற்பனை விலையில் முழுதாகத் திரும்புவதில்லை. அதைவிட முக்கியம், புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீலைப் பார்த்தாலே "உள்ளே வெல்டிங் இருக்குமோ" என்ற சந்தேகம் வரும். கீறல் தெரிகிற வீலில் அந்தப் பயம் இல்லை. டச்சப் பேனாகூட வேண்டாம்.

அடுத்தது அளவுகள். பாதி அழைப்புகள் "என் வண்டிக்குப் பொருந்துமா?" என்பதற்காகவே வரும். வீலின் பின்பக்கம் விட்டம், அகலம், ஆஃப்செட் (வண்டியில் பதியும் முகம் வீலின் அகல மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) எல்லாம் அச்சு வார்த்திருக்கும். அதைப் படம் எடுங்கள். இந்த ஸ்விஃப்ட் வீலின் பி.சி.டி. 4×100, அதாவது நான்கு நட் துளைகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் உள்ளன. எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் 100 வரும். ஐந்து துளை வீலில் எதிரெதிர்த் துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் இடைவெளியை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். டிசையர், பலேனோ, கிளான்ஸா ஆகியவற்றுக்கும் இதே 4×100, 54.1 தான். ஹோண்டா சிட்டியில் பி.சி.டி. அதேதான், ஆனால் நடுத்துளைக்குள் நுழையும் ஹப் 56.1. இந்த வீல் அதில் உட்காராது. பிரெஸ்ஸா ஐந்து நட், 114.3. ஈகோஸ்போர்ட் 4×108. எட்டு மில்லிமீட்டர்தானே என்று வற்புறுத்தி மாட்டப் பார்ப்பவர்கள் உண்டு, நட் சாய்வாக உட்கார்ந்து ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

நன்றாக விலை கொடுக்கிறவர் பெரும்பாலும் அதே ஸ்விஃப்ட்டின் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வைத்திருப்பவர். அவர் வண்டியில் இருப்பது 14 இன்ச் இரும்பு வீல், 165/80 ஆர்14 டயர். இந்த அலாய்க்கு 185/65 ஆர்15. முன்னதன் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், பின்னது 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் மாறாது, வீல் ஆர்ச்சில் உரசாது. கம்பெனியே மேல் வேரியன்ட்டில் கொடுக்கும் அளவு. இதை விளம்பரத்தில் எழுதினால் அதற்கென்று தேடுபவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

நட் பற்றியும் ஒரு வரி அவசியம். மாருதியின் நட் எம்12, 1.25 மரை, கூம்பு வடிவ அடிப்பாகம். ஹோண்டாவின் ஒரிஜினல் வீல்களுக்கு உருண்டை அடிப்பாகம். டொயோட்டாவின் சில அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட். அந்த வகை வீல்களை விற்கும்போது நட்டையும் சேர்த்தே கொடுங்கள். இருக்கிற நட்டைப் போட்டு முடுக்கினால் பிடித்ததுபோல இருக்கும், உண்மையில் ஒரு சிறு வளையம்தான் தொட்டுக்கொண்டிருக்கும்.

டயரோடு விற்பதா, கழற்றியா? டயர் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. ஐந்து வருடத்துக்குள், பட்டன் (பள்ளங்களின்) ஆழம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல், பக்கவாட்டில் வீக்கமோ வெடிப்போ இல்லை என்றால் டயரோடு போடுங்கள். காற்று நிற்கிற டயர் வீலுக்கே ஒரு சான்று. பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் காட்டியைத் தொட்டுவிட்ட டயரைச் சேர்த்து விற்க முயன்றால், பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும். கழற்றும்போது விளிம்பில் பிளாஸ்டிக் காப்பு வைத்துக் கழற்றச் சொல்லுங்கள், டயர் கடை கம்பியாலேயே புதுக் கீறல் விழுவது உண்டு.

படங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள், இங்கேதான் காசு இருக்கிறது. காலையிலோ மாலையிலோ நிழலில் எடுங்கள். உச்சி வெயிலிலும் ஃபிளாஷிலும் கீறல் மறைந்து, நேரில் வந்தவர் ஏமாந்ததாக நினைப்பார். டயரிலோ உள்பக்கத்திலோ சாக்பீஸால் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம், பின்பக்கம், பிறகு ஒவ்வொரு கீறலும் கிட்டத்தில். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தானே தெரியும், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். மிக மோசமான கீறலை இரண்டாவது படமாகவே போடுங்கள். பத்தாவது படத்தில் ஒளித்தால், நேரில் கண்டுபிடித்தது என்று அதற்கு ஒரு குறைப்பு கேட்பார்கள். முன்னாலேயே காட்டிவிட்டால் "அதற்குத்தான் இந்த விலை" என்று சொல்ல முடிகிறது. பேலன்சிங் மெஷினில் ஒவ்வொரு வீலும் சுற்றுகிற பத்து நொடி வீடியோவையும் எடுத்து வைத்து, கேட்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேவையில்லாத பயணம் இருவருக்கும் மிச்சம்.

தலைப்பை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தேடுபவர்கள் அப்படித்தான் தட்டுகிறார்கள். விவரத்தில் தமிழ் இருக்கலாம். நான் போட்டது ஏறக்குறைய இப்படி: "ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஒரிஜினல் 15 இன்ச் அலாய் 4. பி.சி.டி. 4×100, நடுத்துளை 54.1. வீல் 1, 2, 4: வெளிவிளிம்பில் உரசல், படம் பார்க்கவும். வீல் 3: இரண்டு ஸ்போக்கில் கிளியர் கோட் உரிந்துள்ளது. வளைவு, விரிசல், வெல்டிங் இல்லை, பேலன்சிங் வீடியோ உண்டு. சென்டர் கேப் மூன்று, ஒன்று இல்லை. டயர் இல்லை. செட்டாக மட்டும்." சென்டர் கேப், அதாவது நடுத்துளையின் மூடி, இல்லாததைச் சொல்லாமல் விடாதீர்கள். சின்னப் பொருள்தான், அதை வைத்துப் பெரிய தொகை குறைப்பார்கள்.

விலை வைக்க, ஒரே டிசைனின் கீறல் இல்லாத பழைய செட் என்ன கேட்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். நீண்ட நாள் கிடக்கும் விளம்பரத்தின் விலை விலையே இல்லை, சீக்கிரம் காணாமல் போகிறவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் ஒரு வீலுக்குப் பவுடர் கோட்டிங் என்ன ஆகும் என்று கேட்டு, கீறல் உள்ள வீல்களுக்கு அதில் பாதியைக் கழியுங்கள். முழுதாகக் கழிக்கத் தேவையில்லை, வாங்குகிறவர்களில் பலர் அப்படியே மாட்டி ஓட்டுவார்கள். எடுத்துக்காட்டாக, நல்ல செட் 16,000 போகிறது, கோட்டிங் வீலுக்கு 2,000 என்றால், நான்கு வீலுக்கு 4,000 கழித்து 12,000. பேரத்துக்கு ஆயிரம் சேர்த்து 13,000 போடலாம். "லாஸ்ட் பிரைஸ் என்ன ப்ரோ?" என்ற செய்தி முதல் மணி நேரத்திலேயே வரும். பார்க்காமல் கேட்பவருக்குப் போட்ட விலையைத்தான் திரும்பச் சொல்ல வேண்டும். "எந்த வண்டி, எந்த வருடம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்பவர்தான் வருவார்.

பேரமே பேசாமல், வீலைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் உடனே ஒப்புக்கொள்கிறவரிடம் எச்சரிக்கை. ராணுவத்தில், துணை ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, அடையாள அட்டைப் படம் அனுப்பி, "பணம் வர இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்பது நெடுநாளாக நடக்கும் மோசடி. யு.பி.ஐ.யில் பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் உங்கள் பணம் வெளியேதான் போகும். பணம் அனுப்பியதாக வரும் ஸ்க்ரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்பாமல், உங்கள் வங்கி செயலியில் இருப்பு ஏறியதா என்று பார்த்தபிறகே பொருளைக் கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சந்திக்க நல்ல இடம் டயர் கடை. அவர் கண்முன் மெஷினில் சுற்றிக் காட்டலாம், செலவை யார் தருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் வண்டியில் ஒரு வீலை மாட்டி, கையால் சுற்றி, பிரேக் காலிப்பரில் இடிக்கவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் தேதி, வீல் விவரம், தொகை, "குறைகளைப் பார்த்து வாங்கினேன்" என்ற வரி, இரு கையெழுத்து. அந்த வீல்கள் உங்கள் வண்டியில் இருந்தபோது எடுத்த பழைய படம் ஒன்றையும் அவருக்குக் கொடுங்கள். திருட்டுப் பொருளோ என்று பின்னால் யாரும் கேட்டால் அவருக்கு உதவும்.

வெளியூர் என்றால் பார்சல் லாரி. பழைய பைக் ட்யூபை நீளவாக்கில் பிளந்து விளிம்பைச் சுற்றிப் பொருத்தி, முகத்துக்கு அட்டை வெட்டி வைத்து, இரண்டிரண்டாக முகம் முகத்தைப் பார்க்க அடுக்கி, ஸ்ட்ரெச் ஃபிலிம் இறுக்கிச் சுற்றுங்கள். நட் துளை வழியாகக் கயிறு விட்டுக் கட்டினால் நகராது. முழுப் பணமும் வந்தபிறகே ஏற்றுங்கள், லாரி வாடகையை அவர் அங்கே கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். மாட்டிய பின் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, காரின் கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கு விசை) அளவுக்கு முடுக்கவும், நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்கவும் சொல்லி அனுப்புங்கள்.