டைனமோ வேகத்தில் ஒரு தேவாரம்

எங்கள் கல்லூரி மலர்க்குழுத் தம்பி ரெலிபோனில் கேட்டது சின்ன விஷயம்தான். "அண்ணை, உங்களுக்குப் பிடிச்ச புத்தகம், படம், பாட்டு, பழசும் புதுசுமாய் நாலு பக்கம் எழுதித் தாங்கோ. அரசியல் வேண்டாம்." ஓமென்று சொல்லிவிட்டேன். எழுத இருந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எனக்குப் பிடித்த புத்தகத்தில் ஒரு பாகம் இல்லை. பிடித்த படத்தில் முடிவு இல்லை. பிடித்த பாட்டோ ஒருநாளும் சரியான வேகத்தில் ஓடவில்லை. மூன்றும் 1990க்கும் 1993க்கும் இடையில், நம் கல்லூரியில் உயர்தரம் படித்த காலத்தில் என்னிடம் வந்து சேர்ந்தவை. மூன்றிலும் சில்லு இருக்கிறான்.

93 அணிக்காரர் சில்லுவை மறந்திருக்க மாட்டார்கள். 90ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பி வந்தபோது காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவன். ஒரு தகரப்பெட்டி, ஒரு சைக்கிள், இவ்வளவுதான் அவர்கள் குடும்பம் கொண்டு வந்தது. அந்தச் சைக்கிளின் பின்சில்லு நெளிவு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் சர்ரென்று உரசும். ஒழுங்கைக்குள் அவன் வருவது முக்கால் நிமிடத்துக்கு முன்பே கேட்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

முதலில் புத்தகம். பெரியம்மா வீட்டு அலுமாரியில் கல்கி இதழிலிருந்து கிழித்துத் தைத்துக் கட்டிய 'பொன்னியின் செல்வன்' இருந்தது. மண்ணிறத் துணி ஒட்டிய மட்டை, அத்தியாயம் முடிகிற இடத்தில் பாதி வெட்டுப்பட்ட கூந்தல் தைல விளம்பரம். ஐந்து பாகங்களில் நாலுதான் கையில். மூன்றாவதான 'கொலை வாள்' இரவல் போனது. கொண்டுபோனவர் அதற்குள் ஜேர்மனிக்குப் போய்விட்டார். (அவர் இந்த மலரை வாசிக்கக் கூடும். பெரியம்மா காலமாகிவிட்டா. புத்தகத்தை என்னிடம் தரலாம்.)

கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊறின கொஞ்ச மண்ணெண்ணெய், மேலே மிளகளவு சுடர். அந்த வெளிச்சத்தில் ஒரு நேரத்தில் நாலு வரிதான் தெரியும். போத்தலை நகர்த்தி நகர்த்தி வாசிக்க வேண்டும். நந்தினி எப்போது வருவாள் என்று பக்கத்தைத் தள்ளிப் பார்க்க வழியே இல்லை. கல்கியைத் தாவி வாசிக்க முடியாமல் போனதால்தான் அவர் கதையை எப்படி இழுத்துக் கட்டுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. 1950இலிருந்து கிழமைக்குக் கிழமை வாசகரைக் காக்க வைத்து எழுதிய ஆள். போத்தல் விளக்கு அவருக்குத் தோதான விளக்கு.

இரண்டாம் பாகம் முடிந்ததும் திண்டாட்டம். சில்லு தங்கள் ஊர் வாசிகசாலையில் ஐந்து பாகத்தையும் வாசித்தவன். "மூண்டாவதை நான் சொல்லுறன்" என்றான். ரியூசன் முடிந்து வேப்பமரத்துக்குக் கீழே, சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒன்பது நாள் சொன்னான். கதை சொல்வதில் விண்ணன். அநிருத்தப் பிரமராயரின் குரலுக்கு எங்கள் உப அதிபரின் குரலைப் போட்டான். அதைக் கேட்டபிறகு உப அதிபரை நேரே பார்க்க முடியவில்லை.

அதில் ஒரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பூங்குழலி ஒரு நாள் தனியே படகு விட்டு வந்து காங்கேசன்துறைக் கரையில் கட்டிவிட்டு, மேற்கே நடந்து போய்க் கீரிமலைக் கேணியில் குளிப்பாள். ஒரு பக்கம் உப்புக்கடல் அடித்துக்கொண்டிருக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். எந்தப் படி வழுக்கும், எந்தப் படியில் பாசி இல்லை, காலை எங்கே வைத்து இறங்க வேண்டும் என்றெல்லாம் சொன்னான். குளித்துவிட்டு நகுலேஸ்வரத்தில் ஒரு பூ வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். யாருடனும் ஒரு சொல்லும் பேசமாட்டாள்.

கனடா வந்து, 2004இல் ஐந்து பாகமும் முழுசாக வாங்கினேன். மூன்றாம் பாகத்தை மட்டும் எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். இல்லை. மற்றப் பாகங்களிலும் தேடினேன். எங்கேயும் இல்லை. அவன் அந்தக் கதையைச் சொன்னபோது, அவர்கள் ஊருக்குள் யாரும் போக முடியாமல் இரண்டு வருஷமாகியிருந்தது. நான் அவனிடம் இதைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை.

2022 செப்ரெம்பர் 30, படத்தின் முதலாம் பாகம் வந்த அன்றே ஸ்காபரோவில் போய்ப் பார்த்தோம். தியேட்டரில் மூன்று தலைமுறை. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மம்மா, வந்தியத்தேவன் வாய் திறக்கும் முன்பே பேரனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தா. ஒருவரும் அவவை அடக்கவில்லை. கார்த்தியின் வந்தியத்தேவன் நான் நினைத்து வைத்திருந்த ஆளேதான். பூங்குழலி கடலில் இருந்து பாடுகிற பாட்டில் ரகுமான் அவசரப்படவில்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு பாகத்தையும் பார்த்து முடித்தபோது, கோவிலுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதனுக்குக் கடைசியில் முடி சூட்டுகிற கல்கியின் குறும்பைக் காணவில்லை. மணிமேகலையைச் சுத்தமாகவே காணவில்லை. நேரம் போதாது, விளங்குகிறது. இருந்தாலும் இந்த நாவலின் உயிர் அரச குடும்பத்தில் அல்ல, படகுக்காரி, பூக்காரன், ஒற்றன், வைத்தியர் மகன் இவர்களிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி. படம் குதிரையில் வந்தவர்களைத்தான் கூடுதலாகப் பார்க்கிறது. இதைச் சொன்னால் மனைவி, "நீங்கள் கீரிமலைக் குளியல் வரேல்லை எண்டு கோபத்தில இருக்கிறியள்" என்கிறா. அதுவும் உண்மைதான்.

இனிப் படம். 'நாயகன்' வெளியானது 1987 தீபாவளிக்கு, ஒக்ரோபர் 21. அந்தத் தீபாவளி அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பது இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். தம்பி அரசியல் வேண்டாமென்றதால் திகதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். படம் எங்களிடம் வர ஐந்து வருஷமானது.

92இல் ஒரு வீட்டு விறாந்தையில், வாடகைக்கு எடுத்த ரீவியும் டெக்கும் வைத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஐந்து ரூபா, மண்ணெண்ணெய்க் காசு. ஜெனரேற்றரை ஒரு மூடி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகைக்குள் அறுபது பேர். சத்தத்தில் வசனம் பாதி கேட்காது. முன்னுக்கு இருக்கிறவன் கேட்டதைப் பின்னுக்குக் கடத்துவான். நான் மூன்றாவது வரிசை. எனக்கு வந்து சேர்ந்தது சில்லு கடத்திய வசனம்.

கடைசிக் கட்டம். பேரப்பிள்ளை வேலு நாயக்கரைப் பார்த்து, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். கமல் முகத்தைச் சுருக்கி, தெரியவில்லையே என்கிறார். டப். ஜெனரேற்றர் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு. இருட்டில் ஒருவரும் ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு செருப்புத் தேடுகிற சத்தம்.

ஒன்பது வருஷம் அந்தப் படம் எனக்கு அந்த இடத்திலேயே முடிந்திருந்தது. 2001இல் ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கடையில் கசற் வாடகைக்கு எடுத்துப் பார்த்தபோதுதான் அதற்குப் பிறகு நீதிமன்றம், விடுதலை, வெளியே வந்ததும் துப்பாக்கிச் சூடு என்று இன்னும் இருப்பது தெரிந்தது. ஏமாற்றமாகிவிட்டது. சுட்டுவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. எங்கள் படத்தில் அந்த மனுஷன் இன்னும் பேரப்பிள்ளைக்கு முன்னால் பதில் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அப்போது எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்க முடியாத ஆட்கள் பலர் இருந்தார்கள். இதற்கு மேல் எழுதினால் தம்பி வெட்டிவிடுவார்.

புதுப் புத்தகம் ஒன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் மகள் எனக்கு 'பிரதர்லெஸ் நைட்' தந்தாள். வி.வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதியது, 2023இல் வந்தது, அடுத்த வருஷம் பெண் எழுத்தாளர்களுக்கான பெரிய பரிசு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் வைத்தியராக வர நினைக்கிற ஒரு பெண்பிள்ளையின் கதை. தொடக்கத்திலேயே கொதிதண்ணீர் ஊற்றுப்பட்ட அவளின் உடம்பில் பக்கத்து வீட்டுப் பெடியன் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். வாசித்தவுடன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் முட்டை வெள்ளைக்கருதான் மருந்து. கதை சொல்கிற பெண் அடிக்கடி திரும்பி, வாசிக்கிற ஆளைப் பார்த்து நேரே பேசுகிறாள், விளங்கிக்கொள் என்கிறாள். எனக்கு அது கொஞ்சம் இடைஞ்சல். எனக்கு எதற்கு விளக்கம்? ஆனால் மகள் அந்தப் பக்கங்களில்தான் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். கோடுகளை மட்டும் தனியே இன்னொரு தரம் வாசித்தேன். அவள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியவை, நான் சொல்லாமல் விட்டவை.

கடைசியாகப் பாட்டு. 'தளபதி' கசற் 92 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் உடுப்புப் பைக்குள் வந்தது. பற்றறிக்குத் தடை. ரேப்புக்கு நாலு பெரிய பற்றறி, ஆறு வோல்ற். சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ற்தான், ஆனால் அது ஆடலோட்டம். பௌதிகவியல் புத்தகத்தில் சீராக்கல் பாடத்தை நாங்கள் மனப்பாடம் செய்யவில்லை, பாவித்தோம். புத்தகத்தில் அதற்குப் பெயர் இருவாயி, கடையில் டயோட். பழுதாய்ப்போன ஒரு றேடியோவுக்குள்ளிருந்து நாலைக் கழற்றி, சில்லுவின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, வயரைக் கொழுவினோம். பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவனுக்குக் களைத்தால் எஸ்.பி.பி.யும் களைப்பார். நெளிவு வருகிற இடத்தில் டைனமோ டயரை விட்டுக் கொஞ்சம் விலகும். அப்போது பாட்டு ஒருதரம் முக்கும், பிறகு எழும்பும்.

'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டின் நடுவே அத்தனை அடியும் திடீரென்று அடங்கி, பெண்கள் குழுவாகப் பாடுவார்கள்: குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண் சிரிப்பும். அப்பர் தேவாரம். கல்லூரிக் காலைப் பிரார்த்தனையில் பசியோடு, பாதி நித்திரையில் இழுத்து இழுத்துப் பாடுகிற அதே தேவாரம். எங்கள் டைனமோ வேகத்தில் அந்தப் பெண்களும் சரியாக எங்களைப் போலவே இழுத்தார்கள். இளையராஜா எங்கள் மண்டபத்துக்குள் ஒலிவாங்கி வைத்து எடுத்ததுபோல இருந்தது.

அப்போது ஒழுங்கையால் வந்த சைவசமய சேர் சைக்கிளை விட்டு இறங்கினார். எங்களுக்கு நெஞ்சு பக்கென்றது. சில்லு சுற்றுவதை நிறுத்தப் பார்த்தான். "சுத்தடா" என்றார் சேர். தேவாரம் முடியுமட்டும் வேலியோரம் கைகட்டி நின்றார். திரும்ப அடி தொடங்கியதும் சைக்கிளில் ஏறிக்கொண்டு சொன்னார்: "திருச்சிற்றம்பலம் சொல்லாமல் முடிச்சிட்டாங்கள்."

2002இல் பி.பி.சி. உலக சேவை உலகத்தின் பிடித்த பத்துப் பாட்டுக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது ராக்கம்மாவுக்கு 4ஆம் இடம் கிடைத்தது. அடுத்த 5ஆம் இடத்தில் திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது', இடம்பெயர்ந்து நடந்த சனத்தின் பாட்டு. எங்கட ஆட்கள் விரலுக்கு ஓய்வே கொடுக்கவில்லை என்பதைத் தவிர இந்த வாக்கெடுப்பு இசை பற்றி எதையும் நிரூபிக்காது. நானும் வாக்குப் போட்டேன், எத்தனை தரம் என்று கேட்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு பாட்டும் அடுத்தடுத்து நின்றது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. 95 ஒக்ரோபர் 30 இரவு அந்த டைனமோ பூட்டிய சைக்கிள்தான் ஒரு மூட்டை அரிசியையும் சில்லுவின் அம்மம்மாவையும் சுமந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. கசற் எங்கள் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிட்டது.

போன மாதம் காரில் மகள் ராக்கம்மாவைப் போட்டாள். "இது வேகமாய் ஓடுது" என்றேன். "இல்லையப்பா, இதுதான் ஒறிஜினல்." யூரியூப்பில் வேகத்தைக் குறைக்கலாம் என்று முக்காலுக்கு இறக்கிக் காட்டினாள். பாட்டு மெதுவானது, ஆனால் சுருதி இறங்கவில்லை. எங்கள் ரேப்பில் இரண்டும் சேர்ந்தே இறங்கும், குரல் தடிக்கும், தேவாரம் ஒரு படி கீழே போய் நிற்கும். இவள் போட்டதில் அதே பெண்கள் அதே குரலில் மெதுவாகப் பாடினார்கள், அவ்வளவுதான். முக்கலும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒஸ்லோவுக்கு அழைத்தேன். அங்கே இரவு பதினொன்று. நடந்ததைச் சொல்லி, "நீ மெதுவாய்ச் சுத்தினதில எனக்குப் பாட்டே பிழைச்சுப் போச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நான் ஒழுங்காத்தான் சுத்தினனான்" என்றான் சில்லு. "சில்லுதான் நெளிவு."