பீரோ கண்ணாடியில் ஒரு வசனம்

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகமே கறுத்துப்போனது. அதே மாதம் 31 ராத்திரி சர்ச் ஆராதனையில், வரும் வருஷத்துக்கான பைபிள் வசனம் என்று எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையோ ஆசீர்வாதம் பெருகும் என்றது. அப்பாவின் வலை தார் பூசினதுபோல வாசலில் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. அந்தப் பிசுக்குக் கையோடுதான் அட்டையைப் பீரோ கண்ணாடியில் ஒட்டினேன்.

அந்த வருஷம் பெருகினது வட்டி மட்டும்.

அடுத்த வருஷம் அட்டைத் தட்டு வந்தபோது நான் கையை நீட்டவில்லை. எனக்கும் சேர்த்து அம்மாவே எடுத்துக்கொண்டார்.

சந்ததி தருவேன் என்ற கர்த்தரின் வாக்கை நம்பி ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75, மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம். நடுவில் அந்த 25 வருஷம் எப்படிப் போனது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வயதில் பிள்ளையா என்று அவர் மனைவி சாராள் கூடாரத்துக்குள் சிரித்தாளே, அது இப்போதுதான் புரிகிறது. (சிரிக்கவே இல்லை என்று பொய் வேறு சொன்னாள், பாவம்.) அதற்காகக் கர்த்தர் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கிவிடவில்லை.

நேற்று பீரோவைத் துடைக்கும்போது பழைய அட்டையைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும்டி, அதுல தேதியா போட்டிருக்கு?" என்றார் அம்மா. சரி என்று விட்டுவிட்டேன், கறுப்பு விரல் ரேகையோடு. வாசலில் அப்பா புது வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.