ஜாக்ரெப்பிலிருந்து ஸ்கோப்பியே: எல்லையில் வீணான நேரம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவிலிருந்து குரோயேஷியாவின் ஜாக்ரெப் போனபோது எல்லை எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. குரோயேஷியா 2013 ஜூலை 1-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2023 ஜனவரி 1-ல் ஷெங்கன் (உள் எல்லைகளில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பியப் பகுதி), யூரோ இரண்டும் ஒரே நாளில் வந்தன. சாப்பாடு, படுக்கை எல்லாம் யூரோவில், கை கடித்தது.

அப்புறம் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குப் பேருந்து. மகா மோசம்! எல்லையில் குரோயேஷியா பக்கம் எல்லோரும் இறங்கி வரிசை, மறுபடி ஏறி, செர்பியா பக்கம் மறுபடி வரிசை. டிரைவர் ஏசியை அணைத்துவிட்டு சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வெயிலில் நின்றார், கேட்க நாதியில்லை. செர்பியா 2014 ஜனவரியிலேயே ஒன்றியத்தில் சேரும் பேச்சைத் தொடங்கிய நாடு. வரிசை மட்டும் குறையவில்லை.

அடுத்து வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்பியே. அங்கே டாக்சிக்காரர் மீட்டர் போடாமல் பழைய பஜாருக்கு 15 யூரோ கேட்டார். அநியாயம். நடந்தே போகலாம், நடந்தேன். அங்கே தவ்ச்சே கிராவ்ச்சே சாப்பிட்டேன்: மண்சட்டியில் வேகவைத்த பீன்ஸ், மேலே சிவப்பு மிளகாய், பக்கத்தில் சூடான ரொட்டி. இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு இதுதான், விலையும் குறைவு. இரண்டாவது சட்டியும் வாங்கினேன்.

இந்த நாட்டுக்கு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றியத்தில் சேர்வதற்கான முதல் ஒப்பந்தத்தில் 2001 ஏப்ரலில் கையெழுத்திட்டது மாசிடோனியா. குரோயேஷியா போட்டது அக்டோபரில்தான். முன்னால் நின்றவர் வெளியே, பின்னால் வந்தவர் உள்ளே. 2005-ல் மாசிடோனியா வேட்பாளர் நாடு, அதாவது சேரக் காத்திருக்கும் நாடு, ஆனது. 2009-லேயே பேச்சைத் தொடங்கலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது. தன் வடபகுதிக்கும் மாசிடோனியா என்று பெயர் இருப்பதால் எழுந்த பெயர்ச் சண்டையில் கிரேக்கம் மறித்தது. எல்லா உறுப்பினர்களும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும், ஒரே நாடு மறுத்தாலும் போச்சு. 2019-ல் நாட்டின் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபரில் பிரான்ஸ் மறித்தது, 2020-ல் பல்கேரியா. 2022 ஜூலையில் பேச்சு தொடங்கியும், அரசியலமைப்பில் பல்கேரியர்களைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையில் நின்றுவிட்டது. சேர்க்கைப் பேச்சில் கூடவே வந்த அல்பேனியா 2024-ல் தனியாக முன்னேறிவிட்டது. 2022 பிப்ரவரியில் மனு போட்ட உக்ரைன் நான்கே மாதத்தில் வேட்பாளர் ஆனது. போர் அவசரம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவசரம் வந்தால் வேகமாக நகர முடிகிறதல்லவா? 2004-ல் ஒரே நாளில் பத்து நாடுகளைச் சேர்த்தவர்கள்தானே இவர்கள்?

சரி, விசா. மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு செர்பியாவிலும் இங்கும் தனி விசா வேண்டாம், புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சிங்கிள் என்ட்ரியோடு வந்தால் திரும்ப ஷெங்கனுக்குள் போக முடியாது.

அடுத்து கிரேக்க நகரமான தெசலோனிக்கி. 2003 ஜூனில் அதையொட்டி நடந்த உச்சிமாநாட்டில்தான் மேற்கு பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஒன்றியத்துக்குள் என்று வாக்குக் கொடுத்தார்கள். அவற்றில் இதுவரை சேர்ந்தது குரோயேஷியா மட்டும். கோடையில் அந்த எல்லையைக் கடற்கரைக்குப் போகும் கார்கள் அடைத்துவிடும், காலை முதல் பேருந்தையே பிடியுங்கள். மிச்சமிருக்கும் வட மாசிடோனிய நாணயமான டெனாரை ஸ்கோப்பியேவிலேயே செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கஷ்டம்.