படகு நம்பரும் பெர்ல் ஒத்த வரியும்

மண்டபம் பக்கம் நண்டு எடுக்குற ஒரு கம்பெனில கணக்கும் கம்ப்யூட்டரும் நான்தான் பாக்குறேன். எங்களுக்கு படகு நம்பர்தான் எல்லாமே. நம்ம மாவட்ட விசைப்படகுன்னா ஐஎன்டி, டிஎன், 10 மாதிரி ஒரு எண், எம்எம்னு வந்து கடைசில அந்தப் படகோட நம்பர். பாம்பன்ல இருந்து பில் அனுப்புறவரு நடுவுல ஸ்லாஷ் போடுவாரு, தொண்டிக்காரரு ஹைஃபன், இன்னொருத்தரு வேர்டுல ஹைஃபனுக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டு அடிக்க அது தானா நீட்டு டேஷா மாறிடும், கடைசில ஒரே படகு மூணு படகா நிக்கும், டீசலுக்கு குடுத்த முன்பணம் ஒரு பேர்ல, எடை போட்ட நண்டு இன்னொரு பேர்ல.

இதை சரி பண்ண பெர்ல்ங்கற ப்ரோகிராம் மொழில ஒரு வரி போதும். எழுத்துக்கு எழுத்து மாத்துற டிஆர் போட்டு ஸ்லாஷை ஹைஃபனா மாத்துன்னு எழுதி, பின்னாடி ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்ற ஃபார், நம்பரெல்லாம் வரிசையா இருக்குற அரேயோட பேரு, அவ்வளவுதான். ஒரு சொல்லைத் தேடி மாத்துற எஸ் போட்டும் பண்ணலாம், ஆனா கடைசில எல்லாத்தையும் மாத்துங்கற ஜி சேக்கலன்னா ஒவ்வொரு நம்பர்லயும் முதல் ஸ்லாஷ் மட்டும் மாறும், மிச்சம் அப்படியே கெடக்கும். ஒத்த எழுத்துக்கு டிஆர்தான் என் கட்சி.

ஆனா ஃபார் உள்ள அப்பப்ப கைல வர்ற நம்பருக்கு பேரு $_, அது நகல் கிடையாது, அரேல இருக்குற அதே சரக்கு. அதுல கை வச்சா ஒரிஜினலே மாறிடும். சில வேலைக்கு அது வசதி, எங்களுக்கு ஆகாது. படகு ஓனர் பில்லை எடுத்துட்டு வந்து "தம்பி, நான் எழுதிக் குடுத்தது இப்படி இல்லையே"ன்னு கேட்டா, அவரு எழுதுனதை அப்படியே காட்டணும்ல. அதனால ஒவ்வொண்ணா எடுத்து புது லிஸ்ட் போடுற மேப், கூடவே டிஆர் வரியோட கடைசில ஆர்ங்கற ஒத்த எழுத்து. 2011ல 5.14 வெர்ஷன்லதான் இந்த ஆர் வந்துச்சு, புது லிஸ்ட் தனியா கெடைக்கும், பழசு பத்திரம். ஆர் இல்லாம மேப் போட்டா இன்னும் கூத்து, புது லிஸ்ட்ல நம்பருக்கு பதிலா 4, 4, 4ன்னு எத்தனை ஸ்லாஷ் மாறுச்சுங்கற எண்ணிக்கை வரும், ஒரிஜினலும் மாறிப் போயிருக்கும்.

எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி இருந்தவரு விட்டுட்டுப் போன ஸ்கிரிப்ட்ல வேற ஒரு வில்லங்கம். நீட்டு டேஷை மாத்துற வரி இருக்கு, மேல யூஸ் யுடிஎஃப்8 இல்ல, அதாவது ஒரு எழுத்தை பல பைட்டா சேமிக்கிற யுடிஎஃப்-8 முறைலதான் இந்த ஸ்கிரிப்ட் இருக்குன்னு பெர்லுக்கு சொல்ற வரி இல்ல, ஃபைலையும் பைட் பைட்டாத்தான் படிக்குது. அந்த டேஷ் யுடிஎஃப்-8ல மூணு பைட், டிஆர் அதை மூணு தனி எழுத்தா எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹைஃபன் போடுது. மூணு ஹைஃபன் வந்தா கூட பாத்து சரி பண்ணிடலாம். அந்த மூணு பைட்ல ஒண்ணு நம்ம மீ, கீல வர்ற ஈகாரக் குறியிலயும் இருக்கு, இன்னொண்ணு ஓங்கற எழுத்துல, அதையும் டிஆர் ஹைஃபனா மாத்திடும். நம்பரோட ஓனர் பேரும் அதே அரேல இருந்ததால மீரான் பேரு உடைஞ்சு கேள்விக்குறியா வந்துச்சு, முருகனுக்கு ஒண்ணும் ஆகல. எல்லா பேரும் உடைஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் விசைப்படகு கரையில, பழைய முன்பணக் கணக்கெல்லாம் அப்பத்தான் தீக்குறது. நம்பரையும் பேரையும் தனித்தனி அரேயா அப்பத்தான் பிரிச்சேன். ஜீரோவுக்கு பதிலா இங்கிலீஷ் ஓ அடிக்கிறவங்களும் இருக்காங்க, எங்க நம்பர்ல அந்த எழுத்துக்கு வேலையே இல்லங்கறதால நம்பர் அரேல தைரியமா ஜீரோ ஆக்கிடலாம். இங்கிலீஷ்ல அடிச்ச பேரு இருக்குற அரே பக்கம் மட்டும் அந்த வரியை விடுறதில்ல.