மெட்டு எழுதாத நோட்டுகள்

மேடைப் பாட்டுக்காரர்கள் மெட்டை எழுதி வைப்பதில்லை. ஸ்வரம் எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம்தான். எழுத வேண்டிய தேவையே வரவில்லை என்பது பெரிய காரணம். மெட்டு அவர் வாயில் இருக்கிறது, பின்பாட்டுக்காரர்கள் காதில் இருக்கிறது, அது போதும். ஆள் போன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

விருதுநகர்ப் பக்கம் கலை இரவுகளிலும் தெருமுனைக் கூட்டங்களிலும் பல காலம் பாடிய ஒருவரின் நோட்டுகளை அவர் மகள் என்னிடம் கொடுத்தார். குழுவில் எல்லோருக்கும் அவர் வாத்தியார், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவர் பாடிப் பிரபலமான பாட்டுகள் கேசட்டில் இருக்கின்றன. மகளுக்கு வேண்டியது அதுவல்ல. மேடை ஏறாத பாட்டுகளுக்கு மெட்டுப் போட வேண்டும். என் பிழைப்பு விளம்பரம், குறும்படம், பக்திப் பாடல் என்று ஓடுகிறது. அங்கெல்லாம் பெரும்பாலும் மெட்டு முதலில், வரி பிறகு. வரி இடித்தால் எழுதியவருக்கு ஒரு போன் போட்டு, ‘அண்ணே, இங்க ரெண்டு மாத்திரை குறையுது’ என்று சொல்லிவிடலாம். வாத்தியாருக்குப் போன் போட முடியாது.

இந்த மாதிரி வேலைக்கு உலகத்தில் பெரிய முன்னுதாரணம் உட்டி கத்ரி. 1912இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஒகீமாவில் பிறந்து, ஹண்டிங்டன் என்ற நரம்பு நோயில் நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் கிடந்து 1967இல் இறந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்காரர். அவரும் மெட்டைக் குறித்து வைத்தவர் இல்லை. விட்டுப்போன வரிகள் ஆயிரக்கணக்கில். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்துபோன இளைஞன், பின்னாளில் பெரிய பாடகரான பாப் டிலனிடம், நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வீட்டில் பெட்டி நிறைய பாட்டு கிடக்கிறது, போய் எடுத்துக்கொள் என்று சொன்னாராம். டிலன் போன நேரம் கத்ரியின் மனைவி வீட்டில் இல்லை. வெறுங்கையோடு திரும்பியதை அவரே தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். போன வேளை சரியாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அந்த வரிகளுக்கு விடிவு வந்தது 1990களில். மகள் நோரா கத்ரி, பில்லி பிராக் என்ற இங்கிலாந்துப் பாடகரிடம் அவற்றைக் கொடுத்தார். அவர் வில்கோ என்ற அமெரிக்க ராக் குழுவைச் சேர்த்துக்கொண்டார். 1998இல் ‘மெர்மெய்ட் அவென்யூ’ ஆல்பம் வந்தது. கத்ரி குடும்பம் வாழ்ந்த கோனி ஐலண்ட் தெருவின் பெயர் அது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் கத்ரியைப் போலப் பாட முயலவில்லை. பழைய கிதார், கரகர ரெக்கார்டிங் என்று வேஷம் போடவில்லை. வரி அந்தக் காலம், இசை இந்தக் காலம், இரண்டும் ஒளிக்காமல் நிற்கின்றன.

நானும் அதே வழியில் போகலாம் என்று நினைத்தேன். முழுக்க அப்படிப் போக முடியவில்லை. நம் ஊர்ப் பாட்டுக்காரன் மெட்டை எழுதாவிட்டாலும் தாள நடையை வரிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போகிறான். வாத்தியாரின் கும்மிப் பாட்டை மேஜையில் தட்டிப் படித்தாலே திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் நடை, தானாக வந்து உட்கார்ந்துவிடும். சிந்து என்ற பாட்டு வகை என்றால் அடி நடுவே தனித்து நிற்கும் தனிச்சொல் எங்கே விழும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் சீரிலேயே தெரியும். அதன் மேல் நான் ஒரு நீளமான மெலடியை இழுத்தால் குறில் நெடிலாகி, ‘விடு’ என்பது ‘வீடு’ என்று கேட்கும். சினிமாவில் இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிய பாட்டில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆக, நடை அவருடையது, மெட்டு மட்டும் என்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

சில பாட்டுகளின் தலையில் ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரியை எழுதி, பக்கத்தில் ‘மெட்டு’ என்று போட்டிருந்தார். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். கத்ரியின் மிகப் பிரபலமான ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டின் மெட்டுக்கு மூலம், கார்ட்டர் ஃபேமிலி என்ற பழைய அமெரிக்கக் குழு பாடிய ஒரு தேவாலயப் பாட்டு. நம்மூர் மேடையில் சினிமா மெட்டு ஒரு தந்திரம். கேட்பவருக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் காது நேராக வரிக்குப் போய்விடும். ரெக்கார்டிங்கில் அதைச் செய்தால் உரிமைப் பிரச்சினை வரும், கேட்க நையாண்டி போலவும் இருக்கும். அதனால் அந்தச் சினிமாப் பாட்டுகளின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டை விட்டுவிட்டேன்.

வாத்தியாருக்குப் பறை அடித்த பெரியவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஹெட்போனில் கிளிக், அதாவது வேகம் மாறாமல் தாளம் எண்ணும் சத்தம், போட்டதும் கழற்றி வைத்துவிட்டார். “தம்பி, இது கடைசி வரைக்கும் ஒரே மாதிரி போவுதே. வாத்தியார் மூணாவது சரணத்துல ஆளத் தூக்கிவிட்ருவாரு” என்றார். கிளிக்கை நிறுத்தினேன். அவர் அடித்ததற்கு மேல் மற்ற வாத்தியங்களை ஏற்றுவது பெரும்பாடு. வேகம் கூடிக்கொண்டே போகும், எடிட்டிங்கில் எதையும் வெட்டி ஒட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பாட்டுகளில் உயிர் இருப்பது அதனால்தான்.

வரிகளில் கை வைக்கலாமா என்பதில் குழுத் தோழர்களுக்கும் எனக்கும் வாக்குவாதம். ஒரு பாட்டில் அந்தக் கால மந்திரி ஒருவரைக் கிண்டல் செய்திருப்பார். இப்போது இருப்பவர் பெயரைப் போட்டால் எடுபடும் என்றார் ஒரு தோழர். உயிரோடு இருந்திருந்தால் வாத்தியாரே மாற்றியிருப்பார் என்றும் வாதாடினார். இருக்கலாம். ஆனால் அது அவர் மாற்ற வேண்டியது. சொல்லை மாற்ற மாட்டேன், சரணத்தைக் குறைப்பேன் என்றேன். மேடையில் அவரும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சரணங்களை விட்டுவிட்டுப் பாடுகிறவர்தான். ஏறாத பாட்டுகளுக்கு அந்தக் கழித்தல் நடக்கவே இல்லை. மெட்டுப் போடுகிறவன் தலையில் பாதி எடிட்டர் வேலையும் விழுவது இப்படித்தான்.

நோட்டு நெடுக ரேஷன் கடை, கூலி உயர்வு, நாலுவழிச் சாலைக்காக வெட்டின புளியமரம் என்று போகும்போது, நடுவில் டீக்கடையில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி ஒரு காதல் பாட்டு. நல்ல குறும்பு. அம்மாவைப் பற்றி எழுதியது இல்லை என்று மகளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தோழர்களுக்குச் சங்கடம், போராட்டப் பாட்டுக்காரர் பெயர் கெடும் என்றார்கள். நான் கத்ரியின் மகள் நோரா கொடுத்த வரிகளின் கதையைச் சொன்னேன். தூசிப்புயல் அகதிகளையும் தொழிற்சங்கத்தையும் பாடிய கத்ரி, நடிகை இன்கிரிட் பெர்க்மன் மேல் ஆசைப்பட்டும் ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். அதுவும் அந்த ஆல்பத்தில் உண்டு. மகள் நோட்டை வாங்கி மறுபடி படித்தார். “அப்பா இதக் கிழிச்சுப் போடலியே சார். போடுங்க” என்றார். ஆர்மோனியமும் ஒரு கிதாரும் மட்டும் வைத்து, பறை இல்லாமல் பதிவு செய்தோம். ஆல்பத்தில் நன்றாக வந்தது அதுதான் என்பேன், தோழர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்பந்தத்தில் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். வரிகளின் உரிமை வாரிசுகளுடையது, என் மெட்டின் உரிமை என்னுடையது, ஆனால் அதே வரிக்கு வேறொருவர் மெட்டுப் போடுவதைத் தடுக்கும் எந்த வாசகமும் கூடாது. கத்ரியின் காப்பகத்திலிருந்து எடுத்த வரிகளை கிளெஸ்மாட்டிக்ஸ் குழு யூத இசையில் பாடியது, டிராப்கிக் மர்ஃபீஸ் பங்க் இசையில் போட்டுக் கத்தியது. ஒருவரே மொத்தமாக வளைத்துப் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. இப்போது மதுரைக் கல்லூரிப் பையன்கள் சிலர் புளியமரப் பாட்டைக் கேட்டு வந்திருக்கிறார்கள். என் மெட்டு மந்தமாக இருக்கிறதாம், எலெக்ட்ரிக் கிதாரில் வேறு மாதிரி செய்யப் போகிறார்களாம். மகளிடம் கேட்டுவிட்டு, நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தேன். என் டிராக்கை அவர்கள் கேட்கவில்லை.