எங்கே மணந்தீர்கள் என்பதே முதல் கேள்வி

தன்பாலினத் தம்பதியை அமெரிக்க மத்திய அரசு திருமணமானவர்களாக ஏற்க, திருமணம் நடந்த இடத்தில் அது சட்டப்படி செல்ல வேண்டும். 2013 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த வின்ட்சர் தீர்ப்புதான் இந்தக் கதவைத் திறந்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2023 அக்டோபர் 17 அன்று அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆகவே சென்னையில் ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும் எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்கான எச்-4 விசாவுக்கு அது உதவாது. சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் முறைப்படி மணந்து சான்றிதழ் வாங்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் மணக்க அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. திருமண லைசென்ஸ் 90 நாள் செல்லும். வீடியோ அழைப்பில் மணப்பவர்கள், அதன்பின் நேரில் தாம்பத்தியத்தில் இணைந்ததையும் காட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை விரிக்கும்போது அப்பா பெயர் ஒன்றில் முன்னும் இன்னொன்றில் பின்னும் போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம்.

துணையின் கிரீன் கார்டுக்காகப் போடும் ஐ-130 மனுவில் நம்மவர்கள் தடுமாறுவது ஆதாரத்தில்தான். வீட்டுக்குத் தெரியாமல் வாழ்ந்தவர்களிடம் உறவினர் சூழ்ந்த கல்யாணப் படம் இருக்காது. வாடகை ஒப்பந்தமும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். இது பொய்த் திருமணத்தின் அடையாளம் அல்ல, பயத்தின் விளைவு. அதை மனுவோடு ஒரு கடிதத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கார் இன்சூரன்ஸ் ஆகியவற்றை இன்றே தொடங்குங்கள். பழைய விமான டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடலில் ஆண்டுக்குச் சில பக்கம் சேருங்கள். உங்களை இணையராக அறிந்த நண்பர்கள் இருவர் தங்கள் பிறந்த தேதி, முகவரியோடு உறுதிமொழிக் கடிதம் தரலாம். ஊர் முகவரியைத் தமிழ் எழுத்திலும் கேட்கும் கட்டம் படிவத்தில் உண்டு. பெற்றோருக்குத் தெரியக்கூடாது என்றால், தபால் முகவரியாக அந்த வீட்டைத் தராதீர்கள்.

மணமாகி இரண்டாண்டு ஆகுமுன் கிரீன் கார்டு கிடைத்தால், அது இரண்டாண்டுக்கு மட்டுமே. அந்த வரம்பை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைக் காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

வரியில் டிசம்பர் 31 அன்று உள்ள திருமண நிலையே அந்த ஆண்டு முழுவதற்கும் கணக்கு. மணக்காமல் டொமஸ்டிக் பார்ட்னராக, அதாவது சேர்ந்து வாழும் இணையராக மட்டும், பதிந்தவர்களுக்கு இது பொருந்தாது. அப்படி மணக்காத துணைக்கு நிறுவனம் கட்டும் மருத்துவ இன்சூரன்ஸ் பங்கும் பெரும்பாலும் வரிக்குட்பட்ட வருமானமாகச் சேரும்.

நிறுவன மருத்துவ இன்சூரன்ஸில் துணையைச் சேர்க்கப் பல இடங்களில் மணநாளிலிருந்து 30 நாளே அவகாசம். தவறினால் அடுத்த ஆண்டுப் பதிவுக் காலம்வரை காத்திருக்க வேண்டும். ஆயுள் இன்சூரன்ஸில் பணம் பெறுபவராக முன்பு எழுதிய அம்மா பெயர் தானாக மாறாது, அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.