பதினாலு அங்குல சன்ஷேட்

வீடு பிடித்துவிட்டது, விலையும் பேசி முடித்தாயிற்று. பத்திர எழுத்தர் கிரைய ஒப்பந்தத்தின் நகலைக் கையில் கொடுத்தார். நடுவில் எல்லோருடைய பத்திரத்திலும் இருக்கிற அந்த வரி: “மேற்படி சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமோ, அடமானமோ, ஜப்தியோ, வழக்கோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்.” படிக்க நிம்மதியாகத்தான் இருந்தது. விற்பவர் கொடுத்த ஈசியிலும், அதாவது வில்லங்கச் சான்றிலும், ஒரு பதிவும் இல்லை. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். வங்கிக் கடனுக்கு வக்கீல் கருத்துரை வேண்டும் என்றதால்தான் ஒரு வாரம் தள்ளிப்போனது.

வக்கீலம்மா முதலில் கேட்டதே, “இந்த ஈசி எந்த சர்வே நம்பருக்குப் போட்டது?” என்பதுதான். 2015-ல் அந்த மனை உட்பிரிவு ஆகியிருக்கிறது. விற்பவர் புது உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் ஈசி போட்டிருக்கிறார். அதற்கு முந்தைய பத்திரங்கள் எல்லாம் பழைய எண்ணில்தானே கிடக்கும்? பதிவுத்துறை இணையதளத்தில் பழைய எண்ணைக் கொடுத்து நானே தேடினேன். 2013-ல் ஒரு பதிவு: வங்கியில் மூலப்பத்திரம் வைத்துக் கடன் வாங்கிய உரிமை ஆவண ஒப்படைப்பு. அதை ரத்து செய்யும் ரசீது எதுவும் இல்லை.

விற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “அந்தக் கடனை 2017-லயே கட்டி முடிச்சிட்டேனே சார், பத்திரத்தையும் திருப்பி வாங்கியாச்சு” என்று வங்கியின் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கடன் முடிந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கடிதம் பீரோவில் இருக்கிற வரை பதிவேட்டுக்குத் தெரியாது. வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்துப் பதிந்தால்தான் ஈசியில் அந்தக் கடன் முடியும். கிளையில் மேலாளர் மாறிவிட்டார், பழைய கோப்பு வேறு எங்கோ போய்விட்டது. அந்த ஒரு கையெழுத்துக்கு ஐந்து வாரம் அலைந்தார் மனிதர். 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு முடிகிற கடன்களுக்கு, 30 நாளில் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, பதிந்த பொறுப்பையும் நீக்க வேண்டும், வங்கி தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2017-ல் கடனை முடித்தவருக்கு அதனால் என்ன லாபம்?

இது ஒன்றுதான் பிரச்சினை என்று நினைத்தேன். பெரிய சிக்கல் ஜன்னலுக்கு மேலே இருந்தது.

வீட்டின் வடக்குப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் மூன்றடிச் சந்து. அளவு எடுப்பதற்காக ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் டேப்பை எடுக்கவே இல்லை. குனிந்து சந்தின் மண்ணைப் பார்த்தார். ஒரே நேர்க்கோட்டில் சின்னச் சின்னக் குழிகள், காசு வைத்து அழுத்தினது போல. “மழைத்தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க சார், அது உங்க இடம் இல்ல” என்றார். பிறகு மாடியேறி, சன்ஷேட்டின் ஓரத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். சுவர் எல்லைக்கல்லிலிருந்து நாலு அங்குலம் உள்ளே இருக்கிறது. சன்ஷேட் பதினெட்டு அங்குலம். குண்டு எல்லையைத் தாண்டிப் பதினாலு அங்குலத்தில் ஆடி நின்றது.

எந்த ஈசியிலும் இது வராது. ஈசி என்பது பதிந்த ஆவணங்களின் பட்டியல், அவ்வளவுதான். பதியாத உயில், வாய்மொழி வாடகை, அண்டை வீட்டு நடைபாதை பாத்தியம், நிலுவை வரி எல்லாம் அதற்கு வெளியே நிற்கிற விஷயங்கள். பட்டாவும் புலப்படமும் தரையைத்தான் அளக்கின்றன, தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு அதன் மேல் உள்ள வெளியும் சொந்தம் என்பது மட்டும் சட்டத்தில் தெளிவு.

பக்கத்து வீட்டம்மாவிடம் போய் விசாரித்தேன். “அவங்க அப்பா 2003-ல கட்டும்போது கேட்டாரு தம்பி. கட்டிக்கங்கண்ணேன்னு சொன்னேன். அப்ப இந்தப் பக்கம் மாட்டுக்கொட்டாய்தான். இப்ப என் மகன் வீடு கட்டப்போறான். அவன் சும்மா இருப்பானான்னு எனக்குத் தெரியாது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

விற்பவரின் வாதம் வேறு: “இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு சார், இனி அது நம்ம உரிமை.” பிறர் இடத்தில் நமக்கு இருக்கிற அனுபவ உரிமைகளைப் பற்றிய வசதியுரிமைச் சட்டம் 1882-ன் 15-வது பிரிவை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீலம்மா சிரித்தார். இருபது வருடம் என்ற கணக்கு, உரிமையாக, வெளிப்படையாக, தடையில்லாமல் அனுபவித்தவருக்குத்தான். அந்தம்மா அனுமதி கொடுத்து அதன்படி அனுபவித்தது அந்தக் கணக்கில் சேராது. அதுவும் தண்ணீர் சொட்டுவதற்கான பேச்சு. பிறர் இடத்துக்கு மேல் கான்கிரீட்டே நீட்டியிருப்பது தனிக் கதை. “கோர்ட்டுக்குப் போனா ரெண்டு பக்கமும் வாதம் இருக்கும். வீட்டோட சேர்த்து அந்த வாதத்தையும் விலை கொடுத்து வாங்கணுமா சார்?” என்று கேட்டார்.

“வில்லங்கம் இல்லைன்னு உறுதி எழுதித் தர்றாரே, பின்னால பார்த்துக்கலாமே?” என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவின்படி விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும்தான், ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடியதற்கு அது பொருந்தாது. சன்ஷேட் கண்ணெதிரே நிற்கிறது. “நான் பார்க்கலை” என்று நாளைக்குச் சொன்னால் யார் கேட்பார்கள்?

அதனால் ஒப்பந்தத்தைத் திருப்பி எழுதினோம். பத்திர எழுத்தருக்குக் கொஞ்சம் வருத்தம், “இதெல்லாம் யாரும் எழுதறதில்லை சார்” என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று நின்றேன். வடக்குச் சன்ஷேட் எல்லையைத் தாண்டி எத்தனை அங்குலம் நீள்கிறது, கிரையத்துக்கு முன் விற்பவர் அதை எல்லைக்குள் வெட்டித் தர வேண்டும், 2013 ஒப்படைப்புக்கு ரசீது பதிய வேண்டும், இரண்டும் முடிகிற வரை மீதித் தொகையில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படும், அவர் தரப்பில் தாமதமானால் கெடுவும் அத்தனை நாள் நீளும் என்று வார்த்தை வார்த்தையாகப் போட்டோம். வாசலில் தெருவுக்கு இறங்கியிருந்த இரண்டு படிகளைப் பற்றி ஒரு வரி சேர்த்தோம். தெரு நகராட்சியுடையது, அந்தப் படிகளுக்கு விற்பவர் உத்தரவாதம் தர முடியாது, நானும் கேட்கவில்லை. வங்கிப் பொறியாளர் வந்து, முன் பால்கனி அனுமதி வரைபடத்தில் இல்லை என்று குறித்துக்கொண்டு போனார். அதற்காகக் கடன் கொஞ்சம் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதிந்த பிறகு ஒரு நாள் ஈசி எடுத்தால், அந்தச் சொத்தின் மேல் இருக்கிற புது வில்லங்கம் நான்தான்! ஒப்பந்தம் முறிந்திருந்தால் அதற்கும் ஒரு ரத்து ஆவணம் பதியாமல் அவரால் வேறு யாருக்கும் நிம்மதியாக விற்றிருக்க முடியாது.

சன்ஷேட்டை வெட்ட அரை நாள். அந்தரத்தில் நிற்கிற முனையைக் குறைப்பதால் சுவருக்கு ஆபத்தில்லை, வெட்டிய இடத்தில் தெரிகிற கம்பி துருப்பிடிக்காமல் பூசிவிட வேண்டும் என்றார் அதே கொத்தனார். பூச்சுக்கு முன் அடியில் ஒரு கோடு கீறிவிட்டார், தண்ணீர் சுவரோடு வழியாமல் அங்கேயே சொட்டிவிட. வெட்டிய துண்டுகளை அந்தம்மா சந்திலிருந்து தானே கூட்டி அள்ளிக் கொடுத்தார்.

கிரையம் முடிந்து முதல் மழையில் வடக்கு ஜன்னல் வழியாகச் சாரல் கட்டில் வரைக்கும் வந்தது. நாலு அங்குல சன்ஷேட் வேறென்ன செய்யும்? டார்ச் எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து சந்தை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. மனைவி மெத்தையை இழுத்துப் போட்டபடி, “பார்த்தது போதும், ஜன்னலைச் சாத்துங்க” என்றாள்.